புத்தர் எனும் வரலாற்று மனிதர்: சான்றுகள் சொல்வதும் சொல்லாததும்

1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் அண்ணல் அம்பேத்கர் பௌத்தம் தழுவினார். அப்போது அவர் மக்களுக்கு அளித்த 22 உறுதிமொழிகளுள் ஐந்தாவது, புத்தர் விஷ்ணுவின் அவதாரம் என்ற கருத்தை மறுக்கிறது. அந்த மறுப்பு, புத்தர் பிறந்து, வாழ்ந்து, மூப்படைந்து, இறந்த ஒரு மனிதர் என்ற வரலாற்றுக் கூற்றின் மேல் நிற்கிறது. அவதாரத்துக்குச் சான்று தேவையில்லை, நம்பிக்கை போதும். மனிதருக்குச் சான்று தேவை.

அந்தச் சான்றுகள் எவை? அவற்றின் வலிமை என்ன? எங்கே அவை முடிந்து, தொன்மக் கதை தொடங்குகிறது? மேடைகளிலும் விவாதங்களிலும் இக்கேள்விகளுக்கு நம் தரப்பிலிருந்தே மிகையான விடைகள் வருவதுண்டு. லும்பினித் தூண் எல்லாவற்றையும் நிறுவிவிட்டது என்பர் சிலர். மறுபுறம், புத்தர் என ஒருவர் இருந்ததற்கே ஆதாரமில்லை என்ற குரலும் அவ்வப்போது எழுகிறது. இரண்டுமே சரியல்ல. கிடைத்துள்ள சான்றுகளை வகைப்படுத்தி எடைபோடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஐயத்தின் வரலாறு

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தியவியலைத் தொடங்கிவைத்த ஐரோப்பியர்களுக்குப் புத்தர் யார் என்பதே குழப்பமாக இருந்தது. சிலைகளின் சுருள்முடியைக் கண்டு அவர் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவராக இருக்கலாம் என்றுகூட வில்லியம் ஜோன்ஸ் போன்றோர் கருதினர். பௌத்தம் பிறந்த மண்ணிலேயே அதன் நினைவு அந்த அளவுக்கு அழிக்கப்பட்டிருந்தது. 1850களில் சமஸ்கிருத அறிஞர் எச்.எச். வில்சன், சாக்கியமுனி கற்பனைப் பாத்திரமாக இருக்கலாம் என்று எழுதினார். 1870களில் பிரெஞ்சு அறிஞர் எமில் செனார், புத்தரின் வாழ்க்கைக் கதையைச் சூரியத் தொன்மத்தின் வடிவமாக விளக்கினார். டச்சு அறிஞர் ஹென்ட்ரிக் கெர்ன் அதே வழியில் இன்னும் தொலைவு சென்றார்.

இவர்களுக்கு மறுமொழியாக 1881இல் ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் ஓல்டன்பெர்க் பாலி நூல்களை அடிப்படையாகக் கொண்டு புத்தரை வரலாற்று மனிதராக முன்வைத்தார். செனார் பயன்படுத்தியவை பெரும்பாலும் பிற்காலத்து அலங்காரக் காவியங்கள் என்றும், பழைய பாலி உரைகளில் அத்தகைய சூரியக் கதை இல்லை என்றும் அவர் காட்டினார். அதன் பிறகு விவாதத்தின் திசை மாறியது. ஆயினும் ஐயம் முற்றிலும் மறையவில்லை. 2017இல் டேவிட் ட்ரூஸ் என்ற ஆய்வாளர், புத்தரை வரலாற்று மனிதர் எனக் கொள்வதற்கு உறுதியான அடிப்படை இல்லை என வாதிட்டார். ஒஸ்கார் ஃபொன் ஹின்யூபர், அலெக்சாண்டர் வின் ஆகியோர் 2019இல் விரிவான மறுப்புகளை எழுதினர்.

அசோகரின் சாட்சியம்

புத்தரைப் பற்றி இன்று நம் கையில் உள்ள மிகப் பழைய எழுத்துச் சான்றுகள் அசோகரின் கல்வெட்டுகளே. 1837இல் ஜேம்ஸ் பிரின்செப் பிராமி எழுத்துகளைப் படித்துக்காட்டிய பின்னரே அவை பேசத் தொடங்கின. அவற்றுள் மூன்று நமக்கு முதன்மையானவை.

முதலாவது எட்டாம் பாறைக் கல்வெட்டு. தாம் முடிசூடிப் பத்தாண்டுகள் ஆனபின் 'சம்போதி'க்குச் சென்றதாக அசோகர் அதில் கூறுகிறார். சம்போதி என்பது போத்கயா எனப் பெரும்பாலான அறிஞர்கள் கொள்கின்றனர்.

இரண்டாவது ராஜஸ்தானின் பைராட்டில் 1840இல் கிடைத்த கல்வெட்டு. இப்போது கொல்கத்தாவில் உள்ளது. சங்கத்தாரை நோக்கிப் பேசும் அசோகர், புத்தர் மொழிந்தவை அனைத்தும் நன்மொழிகளே என்று ஏற்று, பிக்குகளும் பிக்குணிகளும் இல்லறத்தாரும் அடிக்கடி கேட்டு ஆராய வேண்டிய ஏழு உரைகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். கி.மு. 3ஆம் நூற்றாண்டிலேயே புத்தரின் பெயரால் வழங்கிய, தலைப்பிடப்பட்ட உரைகள் இருந்தன என்பதற்கு இது நேரடிச் சான்று.

மூன்றாவது, இன்றைய நேபாளத்தின் லும்பினியில் 1896 டிசம்பரில் வெளிப்பட்ட தூண் கல்வெட்டு. ஐந்து வரிகளே கொண்டது. முடிசூடி இருபதாண்டுகள் ஆனபின் அசோகர் நேரில் வந்து வழிபட்டார். புத்தர் சாக்கியமுனி இங்கே பிறந்தார் என்பதால் கல்தூண் நிறுவினார். லும்பினி ஊருக்கு 'பலி' என்னும் வரியை நீக்கி, விளைச்சல் வரியை எட்டில் ஒரு பங்காக்கினார் என்பது அதன் செய்தி. கி.மு. 249ஐ ஒட்டிய காலம் அது.

இத்தூணைக் கண்டறிந்தவர்களுள் ஒருவரான அலோயிஸ் ஃபியூரர் வேறு இடங்களில் போலிச் சின்னங்களை உருவாக்கியவர். அது 1898இல் அம்பலமாகிப் பதவி இழந்தவர். ஆகவே லும்பினிக் கல்வெட்டும் போலியோ என்ற ஐயம் எழுவது இயல்பு. ஆனால் அதன் மொழி அசோகரின் கிழக்கிந்தியக் கல்வெட்டுகளின் பிராகிருதமே. 'ராஜா' என்பது 'லாஜா' என வருவது உட்பட அதன் இயல்புகள் பொருந்துகின்றன. எழுத்து வடிவமும் அவ்வாறே. கி.பி. 7ஆம் நூற்றாண்டில் அங்கு சென்ற சீனப் பயணி யுவான் சுவாங், இடி தாக்கி முறிந்த அசோகர் தூண் ஒன்றை லும்பினியில் குறிப்பிட்டுள்ளார். எனவே ஃபியூரரின் மோசடி இத்தூணின் நம்பகத்தன்மையைக் குலைக்கவில்லை.

இன்னொரு எல்லையையும் காண வேண்டும். லும்பினிக்கு அருகே நிகாலிசாகரில் அசோகரின் மற்றொரு தூண் உள்ளது. 'கோனாகமன புத்தரின்' தூபத்தைத் தாம் இருமடங்காகப் பெருக்கியதாக அவர் அதில் கூறுகிறார். கோனாகமனர், சாக்கியமுனிக்கு முன் பல யுகங்களுக்கு அப்பால் தோன்றியதாகப் பௌத்த மரபு சொல்லும் முந்தைய புத்தர்களுள் ஒருவர்; வரலாற்றில் அவரைத் தேட முடியாது. அதே அரசர், அதே வட்டாரத்தில், அதே பக்தியுடன் தொன்மப் புத்தர் ஒருவருக்கும் சிறப்புச் செய்திருக்கிறார். ஆகவே அசோகரின் தூண்கள் மக்கள் எதை நம்பினர் என்பதையே நேரடியாக நிறுவுகின்றன. 'இங்கே பிறந்தார்' என்ற ஒரு தொடரை மட்டும் பிடித்துக்கொண்டு வழக்கை முடித்துவிட இயலாது.

மண்ணுக்குள் கிடைத்தவை

1898 ஜனவரியில் உத்தரப் பிரதேசத்தின் பிப்ரஹ்வாவில், பண்ணை மேலாளர் வில்லியம் கிளாக்ஸ்டன் பெப்பே ஒரு தூபத்தை அகழ்ந்தார். பெரிய கற்பெட்டிக்குள் எலும்புத் துண்டுகளும் சாம்பலும் மணிகளும் கொண்ட பேழைகள் இருந்தன. அவற்றில் ஒன்றில் பிராமி எழுத்துப் பொறிப்பு காணப்பட்டது. சாக்கியரான புத்தரின் எச்சங்கள் இவை என்றும், குடும்பத்தார் சேர்ந்து வைத்தவை என்றும் பெரும்பாலோர் அதைப் படிக்கின்றனர். புத்தரின் சாக்கிய உறவினரின் எச்சங்கள் என்று வேறு சிலர் படித்தனர். பொறிப்பு அசோகர் காலத்தை ஒட்டியது அல்லது அதற்குப் பிந்தையது என்ற கருத்தே வலுவாக உள்ளது. எனவே அதைப் புத்தரின் இறுதிச் சடங்கு நாளில் எழுதப்பட்ட ஆவணமாகக் கொள்ள முடியாது. 1970களில் இந்தியத் தொல்லியல் துறை அங்கு மீண்டும் அகழ்ந்தபோது, இன்னும் ஆழத்தில் வேறு பேழைகளும், 'கபிலவஸ்து பிக்கு சங்கம்' எனப் பொறித்த பிற்கால முத்திரைகளும் கிடைத்தன.

பெப்பேயின் வழித்தோன்றல்களிடம் இருந்த பிப்ரஹ்வா மணிகள் 2025 மே மாதம் ஹாங்காங்கில் ஏலத்துக்கு வந்தன. இந்திய அரசும் பௌத்தர்களும் எதிர்த்ததால் ஏலம் நிறுத்தப்பட்டு, ஜூலையில் அவை இந்தியா திரும்பின.

லும்பினியின் மாயாதேவி ஆலயத்தின் அடியில் 2011 முதல் ராபின் கோனிங்காம், கோஷ் பிரசாத் ஆச்சார்யா ஆகியோர் தலைமையில் அகழாய்வு நடந்தது. செங்கல் கட்டுமானங்களுக்குக் கீழே, மரத்தூண்கள் நட்ட குழிகளும், நடுவே மரம் நின்றதற்கான வேர்த் தடயங்களும் காணப்பட்டன. அவற்றைக் கி.மு. 6ஆம் நூற்றாண்டு எனக் கணித்து 2013இல் ஆய்வாளர்கள் அறிவித்தபோது, புத்தரின் பிறப்பிடமும் காலமும் உறுதியாகிவிட்டதாகச் செய்தித்தாள்கள் எழுதின. கிடைத்தது அவ்வளவு அல்ல. மர வழிபாடு பௌத்தத்துக்கும் முந்தையது. அந்த மரம் யாருக்காகப் போற்றப்பட்டது என்பதை வேர்கள் சொல்வதில்லை. அசோகருக்கு முன்பே அவ்விடம் புனிதமாகக் கருதப்பட்டிருக்கலாம் என்பதே அகழாய்வு தரும் முடிவு.

நூல்கள் காட்டிக்கொடுப்பவை

பாலி நூல்கள் நெடுங்காலம் வாய்மொழியாகவே காக்கப்பட்டு, கி.மு. 1ஆம் நூற்றாண்டில் இலங்கையில் ஏட்டில் எழுதப்பட்டன என்பது மரபு. அந்த இடைவெளியில் சேர்க்கைகள் நிகழ்ந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. அவ்வாறாயின் அவற்றை எவ்வாறு பயன்படுத்துவது? ஆய்வாளர்கள் மூன்று சோதனைகளைக் கையாளுகின்றனர்.

ஒப்பீடு முதலாவது சோதனை. தெற்கே பாலியில் உள்ள உரைகளுக்கு இணையானவை வடக்கே வேறு பிரிவினரால் காக்கப்பட்டுச் சீனத்தில் மொழிபெயர்க்கப்பட்டுள்ளன. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் பகுதிகளில் கிடைத்த பூர்ச்சமரப்பட்டைச் சுவடிகளும் காந்தாரி மொழியில் சில உரைகளைத் தருகின்றன. ஆயிரக்கணக்கான கல் தொலைவில் தனித்தனியே வளர்ந்த இம்மரபுகள் ஒத்துச் செல்லும் பகுதிகள், அவை பிரிவதற்கு முந்தைய பழமை கொண்டவை.

இரண்டாவது, அரசியல் சூழல். பாலியின் நான்கு பெரும் தொகுப்புகளில் கோசலமும் மகதமும் தனித்தனி அரசுகள். பிம்பிசாரனும் பசேனதியும் அரசர்கள். வஜ்ஜியர் தம் கணச் சங்கத்தோடு தன்னாட்சியுடன் வாழ்கின்றனர். பௌத்தத்தின் மாபெரும் புரவலரான அசோகர் அவற்றில் இல்லை. எல்லாமே அசோகருக்குப் பின் புனையப்பட்டிருந்தால், அவருடைய உலகம் எங்காவது தலைகாட்டியிருக்கும். சமண நூல்களும் இதே மகத அரசர்களைத் தம் மகாவீரரின் காலத்தவராகக் காட்டுகின்றன. பௌத்த நூல்கள் மகாவீரரை நிகண்ட நாதபுத்தர் என்ற பெயரால் அறிந்துள்ளன. எதிரெதிர் நின்ற இரு இயக்கங்களின் நினைவுகள் ஒரே காலச் சூழலில் சந்திக்கின்றன.

மூன்றாவது, பக்தர் புனையத் தயங்கும் செய்திகள். மகாபரிநிப்பான சுத்தம் புத்தரின் கடைசி மாதங்களை விவரிக்கிறது. எண்பது வயது முதியவர், உடல் தளர்ந்தவர், சுந்தர் எனும் கொல்லர் அளித்த உணவுக்குப் பின் குருதிப்போக்குடன் கடும் வயிற்றுநோயில் துன்புற்றவர், நீர் கேட்டவர், குசிநாரா என்ற சிற்றூரில் இறந்தவர். இத்தனை பெரிய ஆசான் இவ்வளவு சிறிய ஊரிலா இறப்பது என்று ஆனந்தர் வருந்துவதையும் அந்நூல் மறைக்கவில்லை. கடவுளைப் படைக்க விரும்பியவர்கள் இந்த இறப்பைத் தேர்ந்திருக்க மாட்டார்கள்.

இதே சோதனைகள் புகழ்பெற்ற கதைகளைக் கழிக்கவும் செய்கின்றன. முதியவர், நோயாளி, பிணம், துறவி ஆகிய நால்வரைக் கண்டு இளவரசர் துறவு பூண்ட கதையை அனைவரும் அறிவர். மகாபதான சுத்தத்தில் அக்கதை விபஸ்ஸி என்ற முந்தைய தொன்மப் புத்தருக்கு உரியதாகச் சொல்லப்படுகிறது. பின்னர் அது சாக்கியமுனியின் மேல் ஏற்றப்பட்டது. அரியபரியேசன சுத்தத்தில் புத்தர் தம் துறவை விவரிக்கும்போது நள்ளிரவுப் புறப்பாடு இல்லை, குதிரை இல்லை. தாயும் தந்தையும் அழுதுகொண்டிருக்கவே தலைமயிரை மழித்து வெளியேறியதாகக் கூறுகிறார். பிறந்த ஏழாம் நாளில் தாய் இறந்தார் என்ற பிற்காலக் கதையோடு இது எளிதில் பொருந்துவதில்லை. சாக்கியர்கள் பேரரசர்களாகவும் இருக்கவில்லை. கோசலத்துக்கு அடங்கிய, குலத் தலைவர்கள் கூடி ஆண்ட சிறு கணத்தினர். மாளிகையும் இளவரசும் காலப்போக்கில் வளர்ந்தவை.

காலம் எது?

இலங்கை மரபின்படி புத்தர் இறந்தது கி.மு. 544. அக்கணக்கிலேயே 1956இல் 2500ஆம் ஆண்டு விழா கொண்டாடப்பட்டது. அசோகர் தம் பதின்மூன்றாம் பாறைக் கல்வெட்டில் ஐந்து கிரேக்க அரசர்களைப் பெயர் சொல்வதால், அவர் முடிசூடியது ஏறத்தாழ கி.மு. 268 என அறிய முடிகிறது. அதற்கு 218 ஆண்டுகளுக்கு முன் புத்தர் இறந்தார் என்னும் இலங்கை நூல்களை ஏற்றால் கி.மு. 486 வரும். நூறு ஆண்டுகளுக்கு முன் என்னும் வட மரபை ஏற்றால் கி.மு. 368 வரும். 1988இல் ஜெர்மனியின் கோட்டிங்கனில் ஹைன்ஸ் பெஹெர்ட் கூட்டிய கருத்தரங்குக்குப் பின், கி.மு. 400ஐ ஒட்டிய காலத்தையே பல அறிஞர்கள் ஏற்கின்றனர். ஆக, புத்தரின் இறப்புக்கும் லும்பினித் தூணுக்கும் இடையே உள்ளது 120 முதல் 240 ஆண்டுகள் வரையிலான இடைவெளி.

பிற சமய நிறுவனர்களோடு ஒப்பிட்டால் இது பெரிய இடைவெளிதான். இயேசு இறந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குள் பவுல் கடிதங்கள் எழுதிவிட்டார், கி.பி. 1ஆம் நூற்றாண்டின் இறுதியில் யூத வரலாற்றாசிரியர் யோசேஃபசும், 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோமானியர் டாசிட்டசும் குறிப்பிடுகின்றனர். முகம்மது நபி மறைந்தது 632இல். 640ஐ ஒட்டிய ஒரு சிரியாக் கிறித்தவக் குறிப்பிலேயே அவர் பெயர் வருகிறது. புத்தருக்கு இத்தகைய சமகால அயலார் சாட்சியம் இல்லை. அக்காலக் கங்கைச் சமவெளியில் யாருக்குமே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிம்பிசாரனுக்கும் அஜாதசத்ருவுக்கும்கூட அவர்கள் காலத்துக் கல்வெட்டு எதுவும் கிடைத்ததில்லை. எழுத்துப் பொறிப்பு பரவாத காலத்து மனிதரிடம் கல்வெட்டு கேட்பது, அக்காலத்தைப் புரிந்துகொள்ளாமல் கேட்கும் கேள்வி.

அம்பேத்கரின் அளவுகோல்

லும்பினியும் பிப்ரஹ்வாவும் வெளிப்பட்ட அதே ஆண்டுகளில்தான், 1898இல், பண்டிதர் அயோத்திதாசர் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1912இல் வெளிவந்த 'புத்தரது ஆதிவேதம்' நூலில் தமிழ் இலக்கியங்களையும் வாய்மொழி வழக்குகளையும் கொண்டு புத்தரின் வரலாற்றை எழுதினார். அவருடைய சொல்லாராய்ச்சி முடிவுகள் பலவற்றை இன்றைய மொழியியல் ஏற்காது. ஆனால் ஒடுக்கப்பட்டோரின் நினைவும் வரலாற்றுக்கு ஆவணம் என்று அவர் வைத்த வாதம் இன்றும் உயிருள்ளது.

அம்பேத்கர் வேறு வழியில் சென்றார். அவர் மறைந்தபின் 1957இல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' நூலின் முன்னுரையில் அவர் எழுப்பும் முதல் கேள்வியே புத்தரின் துறவு பற்றியது. இருபத்தொன்பது வயது வரை ஒருவர் மூப்பையும் நோயையும் சாவையும் கண்டதே இல்லை என்பதை அறிவு ஏற்காது என்றார். பாலி நூல்களின் படிநிலை ஆய்வும் இதே முடிவுக்கு வருவதை மேலே கண்டோம். அறிவுக்கும் தருக்கத்துக்கும் பொருந்துவதும், மனித நலனுக்குப் பயன்படுவதுமே புத்தரின் சொல்லாகக் கொள்ளத்தக்கது என்ற அளவுகோலையும் அந்நூல் தருகிறது.

அதே அளவுகோலை அம்பேத்கருக்கும் பயன்படுத்துவதே அவருக்குச் செய்யும் நேர்மை. ரோகிணி ஆற்று நீருக்காகச் சாக்கியரும் கோலியரும் மோதியதையும், போரை எதிர்த்ததால் சித்தார்த்தர் நாடு நீங்கியதையும் அவர் துறவின் காரணமாக முன்வைத்தார். பாலி உரைநூல்களில் ரோகிணிப் பூசல் உண்டு. ஆனால் அங்கே புத்தர் ஞானம் பெற்ற பின் வந்து அதைத் தீர்க்கிறார். துறவோடு அதை இணைப்பது அம்பேத்கரின் மீட்டுருவாக்கம். சமூகப் பொருள் நிறைந்த, ஏற்கத்தக்க விளக்கம் அது. ஆயினும் நேரடிச் சான்றுள்ள நிகழ்வு அல்ல. இந்த வேறுபாட்டை மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

சான்றும் உரிமையும்

இத்தனை நுணுக்கம் எதற்கு என்று கேட்கலாம். போத்கயாவைப் பாருங்கள். 1949ஆம் ஆண்டுச் சட்டப்படி மகாபோதி ஆலயத்தின் நிருவாகக் குழுவில் நான்கு பௌத்தர்களும் நான்கு இந்துக்களும் இடம்பெறுகின்றனர். மாவட்ட ஆட்சியர் தலைவர். அந்தத் தலைவர் இந்துவாக இருக்க வேண்டும் என்ற விதி 2013இல்தான் நீக்கப்பட்டது. ஆலயத்தைப் பௌத்தர்களிடமே ஒப்படைக்கக் கோரி 2025 பிப்ரவரியில் தொடங்கிய போராட்டத்தில் அம்பேத்கரிய பௌத்தர்கள் முன்னணியில் நின்றனர். புத்தர் ஒன்பதாவது அவதாரம் என்ற கூற்று இத்தகைய உரிமைப் பூசல்களில் பங்கு கேட்கும் வாதமாகவே வருகிறது. அசுரர்களை மயக்கவே விஷ்ணு புத்தராக வந்தார் என்னும் புராணங்கள், புத்தர் மறைந்து பல நூற்றாண்டுகளுக்குப் பிந்தையவை. லும்பினித் தூணோ பைராட் கல்வெட்டோ எந்தத் தெய்வத்தின் அவதாரத்தையும் அறியவில்லை.

ஆகவே நாம் உறுதியோடு சொல்லத்தக்கது இது: கி.மு. 5ஆம் நூற்றாண்டை ஒட்டி, கங்கைச் சமவெளியில், சாக்கிய கணத்தைச் சேர்ந்த கோதமர் என்ற ஆசான் வாழ்ந்தார்; சங்கம் அமைத்தார்; முதுமையில் நோயுற்று இறந்தார். தனித்தனியே வளர்ந்த நூல் மரபுகளும், சமண நினைவுகளும், அசோகர் காலத்திலேயே நிலைபெற்றிருந்த சங்கமும் தலங்களும் உரைகளும் சேர்ந்து இம்முடிவையே மிக எளிய விளக்கமாக்குகின்றன. பிறந்த ஆண்டு, மாளிகை வாழ்க்கை, நான்கு காட்சிகள், தனித்தனி உரையாடல்களின் சொல்லுக்குச் சொல்லான வடிவம் ஆகியவற்றை அதே உறுதியோடு சொல்ல முடியாது.

பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை என்னும் வாதம் வாசெட்ட சுத்தம், வசல சுத்தம், அஸ்ஸலாயன சுத்தம் எனப் பல உரைகளில் வெவ்வேறு வடிவங்களில் வருகிறது. அவற்றுள் எந்தச் சொற்கள் கோதமரின் வாயிலிருந்து வந்தவை என்று பிரித்தறிய இயலாது. ஆனால் அவருடைய இயக்கம் தொடக்கம் முதல் அந்த வாதத்தை ஏந்தி நின்றது என்பதை, இவ்வளவு பரந்து கிடக்கும் உரைகளைப் படிப்பவர் எவரும் மறுப்பது கடினம். விவாதத்துக்குச் செல்லும் தோழர்கள் இந்த அளவோடு பேசினால் போதும். அதற்கு மேல் சொல்லும் ஒவ்வொரு மிகைச் சொல்லும் எதிர்த்தரப்புக்கு நாமே அளிக்கும் வாய்ப்பாகிவிடும்.